எண்பத்தாறாயிரத்து நானூறு நொடிகள்

கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டார் லிஃப்ட் மெக்கானிக். கீபோர்டைத் தொடும் முன் அப்படித் துடைப்பது அவர் வழக்கம். கையில் கிரீஸ் இல்லாத நாளிலும் துடைப்பார்.

"டீச்சரம்மா, கிளையன்ட் கூப்பிடுது. சர்வர் பதிலே சொல்லல. எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"

"நாம எவ்வளவு எழுதி வைக்கிறோமோ அவ்வளவு, சார். வழக்கமா முப்பது செகண்ட்."

"அப்புறம்?"

"அப்புறம் விட்டுடும். பதில் வராததும் ஒரு பதில்தானே."

"முப்பது செகண்டுல விட்டுடுமா! எங்க லிஃப்டுக்கு நிக்கிறவங்களே தேவலை. திட்டிக்கிட்டாவது நிப்பாங்க."

வகுப்பே சிரித்தது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் அவருக்கு மட்டும் ஐம்பத்து நான்கு. எல்லோருக்கும் அவர் 'லிஃப்ட் அங்கிள்'. மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வேலைச் சட்டையோடுதான் வருவார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் டெஸ்டர் இருக்கும். எந்தப் பாடத்தையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும். மாடிக்கு மாடி இருந்து கூப்பிடும் பொத்தான்கள் கிளையன்ட். உச்சியில் இருந்து பதில் சொல்லும் மோட்டார் அறை சர்வர். "பத்து பேரு ஒரே நேரத்துல அமுக்குவாங்க. யாருகிட்ட முதல்ல போறதுன்னு முழிக்கிறது மேல இருக்கறவன் தலையெழுத்து." இளம் ஆசிரியை அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அவர் படிக்க வந்தது வேலைக்காக அல்ல. மனைவி பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேச்சு போய்விட்டது, இடது கை மட்டும் அசையும். பகலில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு முறை வந்து எட்டிப்பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் மனைவி தனியாகத்தான் கிடந்தார்.

நான்கு மாதப் படிப்பில் அவர் ஒன்றைச் செய்து முடித்தார். கட்டிலருகே ஒரு பழைய லேப்டாப். அதோடு, கழற்றிப்போட்ட லிஃப்ட் பொத்தான் ஒன்றை இணைத்தார். மனைவி அதை அமுக்கினால், சமையலறை அலமாரியில் இருக்கும் சின்ன சர்வர் அவருடைய ஃபோனைக் கூப்பிடும். அவர் தட்டினால் மனைவியின் திரையில் 'வர்றேன்' என்று எழுத்து ஒளிரும்.

"சும்மா சும்மா கூப்பிடுறாம்மா. ஒண்ணும் வேணாம் அவளுக்கு. அந்த 'வர்றேன்' வரணும், அதைப் பாக்கணும்." சலித்துக்கொள்வதுபோலச் சொன்னாலும் முகமெல்லாம் பெருமை.

தேர்வுக்கு முன் அவருடைய நிரலைப் பார்த்த ஆசிரியை திகைத்தாள். காத்திருக்கும் நேரம் என்ற இடத்தில் 86400 என்று இருந்தது.

"ஒரு நாள் முழுக்கவா சார் காத்திருக்கும்? மார்க் குறைச்சிடுவாங்க."

"குறைக்கட்டும். 'பதில் இல்லை'ன்னு வந்தா பயந்துடுவா. காத்துக்கிட்டு இருக்கட்டும். அவ எங்கம்மா போகப்போறா?"

தேர்வுக்கு அவர் வரவில்லை. மூன்று வாரம் அவருடைய நாற்காலி காலியாகவே கிடந்தது. நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய அதன் குழிக்குள் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறார். அங்கே ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. வெளியே வந்து வீட்டுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வகுப்புப் பிள்ளைகள்தான் ஆசிரியையிடம் வந்து சொன்னார்கள்.

திரும்ப வந்த அன்று, எல்லோரும் போகும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு பையிலிருந்து அந்தச் சமையலறை சர்வரை எடுத்து மேஜைமேல் வைத்து, வகுப்புக் கம்ப்யூட்டரோடு ஒயர்களைச் செருகினார். தனக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் சர்வர் நேரத்தோடு ஒரு கோப்பில் குறித்துவைக்கும். அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் ஆசிரியைதான். வகுப்பிலேயே அதை வேகமாகப் படிக்கிறவர் அவர். கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்தார். ஆனால் அதைத் திறக்கும் விசையை அவர் அமுக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அந்த மூணு மணி நேரத்துல அவ அமுக்கினாளான்னு பாருங்கம்மா. அமுக்கலைன்னா சொல்லுங்க. அமுக்கியிருந்தா... ஒண்ணும் சொல்லாதீங்க."