வாப்பாவின் நீலச் சாறன்

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் மாமாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். மாமா அங்கும் இங்கும் பார்த்தார். மடிக்குள் ஒளித்துவைத்திருந்த மஞ்சள் நூலைக் குறுக்கே ஓடும் நாடாவில் போட்டு, இடுப்பில் உடுக்கும் சாறனின் மடிப்புக்குள் மறைகிற இடத்தில் ஒரே ஒரு கோடு இழுத்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல் இருமினார். இவ்வளவு வடிவான கோட்டை ஏன் களவாக நெய்ய வேண்டும்? அதைத்தான் நான் யோசித்தேன். எனக்குப் பத்து வயதிருக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. மருதமுனையில் தறிச் சத்தம் கேட்காத வீட்டு வளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் வளவிலும் ஓலைக் கொட்டிலுக்குள் ஆறு தறிகள் இருந்தன. வளவு உம்மாவுக்குச் சீதனமாக வந்தது. தறிகளும் நூலும் வாப்பாவுடையவை. நெய்தவர்களில் ஒருவர் உம்மாவின் தம்பி, என் மாமா; எங்கள் ஊர் வழக்கப்படி அக்காவான உம்மாவைத் தாத்தா என்று கூப்பிடுவார். மற்ற ஐவரும் ஊரவர்கள். அவர்களில் மூத்தவரை எல்லாரும் அண்ணன் என்ற முறையில் காக்கா என்றார்கள்.

தறியில் நெடுக்கே இழுத்துக் கட்டும் பாவு எப்போதும் வெறும் வெள்ளைதான். குறுக்கே ஓடும் நூலில்தான் நிறமும் கோடும் வரும். எந்த நிறம், எத்தனை கோடு என்பதெல்லாம் வாப்பாவின் தீர்மானம். அவர் சொன்னதை நெய்துகொண்டே ஆறு பேரும் ஆளுக்கொரு குறும்பை நடுவில் நுழைத்துவிடுவார்கள். வாப்பா துணியின் ஓரத்தில் விரலை ஓடவிட்டுக்கொண்டே வந்து கண்டுபிடித்து ஏசுவார். ஏச்சு வாங்கியவர் சிரித்துக்கொண்டே பிரிப்பார். கொட்டில் நாள் முழுக்கக் கலகலத்துக் கிடக்கும்.

எங்கள் சாறன்களை எடுத்த கல்முனைக் கடைக்காரர் ஒருநாள் வாப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம், கொழும்பிலிருந்து மினுக்கமான மில் சாறன்கள் வந்துவிட்டன, நோன்புப் பெருநாளைக்குப் புதுமாதிரி ஒன்று கொண்டுவராவிட்டால் இனிப் பாதிதான் எடுப்பேன் என்று. அவர் பாதி எடுத்தால், மற்றக் கடைகளை நம்பி ஓட்டினாலும் இரண்டு தறிகளை நிறுத்த வேண்டும். கடைசியாக வந்து சேர்ந்த இரண்டில் ஒன்று மாமாவின் தறி. வாப்பா இதைச் சோறு தின்னும்போது சொன்னார். உம்மா அன்று வாப்பாவின் பீங்கானில் இரண்டாம் அகப்பைக் கறி போடவில்லை.

நான் வாயைத் திறந்தேன்.

"அவங்கட இஷ்டத்துக்கு நெய்ய உடுங்களன் வாப்பா. களவா நெய்யிறதுதான் வடிவா இரிக்கி."

வாப்பா என்னைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், கை கழுவ எழும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு பேரையும் கூட்டி, இந்தப் பாவு உங்களுடையது என்றார். என்ன நிறம், என்ன கோடு என்று நான் சொல்லமாட்டேன், தறியிலிருந்து துணி அறுக்கிற நாள்வரை கொட்டிலுக்குள் காலும் வைக்கமாட்டேன் என்றார். நிற நூல் பெட்டிப் பூட்டின் திறப்பைக் கொட்டிலைத் தாங்கும் நடுக்கப்பில் கொழுவிவிட்டுப் போனார். எனக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. இனி இங்கே மஞ்சளும் ஊதாவும் சிவப்பும் பறக்கப்போகிறது என்று நினைத்தேன்.

கொட்டில் அமைதியாகிவிட்டது. ஒருவரும் திறப்பைத் தொடவில்லை. ஆறு பேரும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆளையாள் பார்த்தார்கள். கடைசியில் காக்காதான் சொன்னார்: "முதலாளிர மனசில என்னமோ ஒண்டு இரிக்கி. அது என்னெண்டு நாம கண்டுபுடிக்கிறமா எண்டு பாக்காரு."

மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வாப்பா வீட்டில் ஏதாவது நிறத்தைப் பற்றிக் கதைத்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு இனிப்பு தந்து மறுபடி கேட்டார். இனிப்பைத் தின்றுவிட்டு மறுபடியும் இல்லை என்றேன். சொல்லக்கூடாது என்று வாப்பா எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார் என்பது மாமாவுக்கு அதோடு உறுதியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு எப்போதும் வெள்ளைச் சாறனில் போகிற வாப்பா, அன்றைக்கு ஒரு பழைய சாறனை உடுத்துக்கொண்டு கொட்டிலைக் கடந்து போனார். அகலமான நீலப் பட்டை, நடுவில் வெள்ளைக் கீறல். சாறன் நெய்கிறவர்கள் ஒரு ஆளைக் கண்டால் முதலில் முகத்தையா பார்ப்பார்கள்? ஆறு தறிகளும் ஒன்றாக நின்றன. பின்னேரம் நான் போய்ப் பார்த்தபோது கப்பில் திறப்பு இல்லை. பெட்டியில் நீல நூலும் இல்லை.

நான் உம்மாவிடம் ஓடினேன். வெள்ளைச் சாறனில் வாழைக்கயர்க் கறை பட்டுவிட்டது, ஊறப்போட்டிருக்கிறேன், அதனால் உடுப்புப் பெட்டியின் அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன் என்றார் உம்மா. திரும்பக் கொட்டிலுக்கு ஓடி மூச்சிரைக்கச் சொன்னேன். காக்கா மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"ஓம் ஓம், கயர்தான் பட்டிரிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது.

அறுக்கிற நாளில் ஆறு துணிகளையும் பாயில் விரித்தார்கள். ஆறும் ஒன்று. நூலறுந்த இடம் ஒன்றில்லை, ஓரம் எங்கும் வளையவில்லை. அவ்வளவு அருமையான நெசவை அந்தக் கொட்டில் கண்டதில்லை. வாப்பா ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரலை ஓடவிட்டுக்கொண்டே வந்தார்.

"ஏன் எல்லாரும் என்ட பழைய சாறனயே நெய்ஞ்சிரிக்கீங்க?"

"ஒங்களுக்குப் புடிச்சிரிக்கா முதலாளி? அதச் சொல்லுங்க," என்றார் காக்கா.

அவர்கள் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளைப்போல் காத்துக்கொண்டு நின்றார்கள்.

கல்முனைக் கடைக்காரர் துணியைத் தடவிப் பார்த்து, நெசவைப் புகழ்ந்து, இது தன் வாப்பா உடுத்த சாறன் என்று சொல்லிப் பாதியைத் திருப்பித் தந்தார். பெருநாளோடு இரண்டு தறிகள் நின்றன. மீதி நான்கிலும் பழையபடி வாப்பாவின் விரல் ஓடியது, ஏச்சும் விழுந்தது. அதோடு அந்தச் சிரிப்பும் கொட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்டது. அது என்னை இன்னும் குழப்பியது.

சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் மாமாவுக்கு வேலை கிடைத்தது. போகிற அன்று படலைவரை கூடப்போய்க் கேட்டேன், நீங்கள் நினைத்ததை ஏன் நெய்யவில்லை என்று. மாமா பையைக் கீழே வைத்தார்.

"மச்சான் சொல்லி நெய்ஞ்சது விக்காட்டி, அது அவருக்கு வந்த நட்டம் புள்ள. நான் நினைச்சி நெய்ஞ்சது விக்காட்டி, அது நான் அவருக்குச் செஞ்ச நட்டம். தாத்தாட வளவுக்குள்ள இரிந்துக்கிட்டு அத எப்பிடிச் செய்யிற?"

"இப்பயும் தறி போயிட்டுத்தானே மாமா?"

"ஓம், போயிட்டு. ஆனா என்னால போன எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாதே."

சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இருந்தது. கூடவே பாரம் இறக்கிவைத்தவரின் நிம்மதியும் இருந்தது. தறியை இழந்த மனிதருக்கு என்ன நிம்மதி? வாப்பா இவர்களை நம்பித்தானே திறப்பைக் கொழுவினார்? இவர்கள் ஏன் அவரை நம்பவில்லை? பத்து வயதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போதும் முழுதாகப் பிடிபட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். வாப்பா நூலைக் கொடுத்தார், நிறத்தைக் கொடுத்தார். ஒரு துணி கெட்டுப்போனால் அது யாருடைய கெடுதி என்று மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஊர் மாதர் சங்கத்தின் தறிகளை இந்த வருடம் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளையிடம் உன் விருப்பத்துக்கு நெய் என்றேன். உடனே அவள் கண் என் முந்தானையின் நிறத்துக்குத்தான் போனது.

திங்கட்கிழமை புதுப் பாவு ஏறுகிறது. அதற்குமுன் ஒருவரும் வாங்கமுடியாத ஒரு அவலட்சணமான துணியை நானே நெய்து, என் பெயரோடு வாசலில் தொங்கவிடப்போகிறேன். பொறுப்பானவளே கெடுக்கலாம் என்றால் மற்றவர்களும் துணிவார்கள் என்று ஒரு கணக்கு. எல்லாரும் அந்த அவலட்சணத்தையே அச்சொட்டாக நெய்துகொண்டு வந்து, பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டால் என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.