ராபர்ட்சன்பேட்டையில் எல்லா மீனும் சினை

போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் கோலார் தங்கவயலுக்குப் போனது சுரங்கம் பார்க்க அல்ல, மீன் பார்க்க. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் மீன்கடை வைத்திருக்கும் என் அண்ணி செல்வி போனில் பூரிப்பாகச் சொன்னார்: "இந்த வாட்டி ஏரி மீனு எல்லாமே சினை, கௌரி. ஒண்ணுகூட தப்பல." வேலூரில் விலங்கியல் பாடம் எடுக்கிற எனக்கு உடனே எழுந்த கேள்வி: அப்படியானால் ஆண் மீன் எங்கே?

காட்பாடியில் காலை ரயில் ஏறிப் பங்காருபேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து ராபர்ட்சன்பேட்டை பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஏரி வழியாகப் போக ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். "அங்க இன்னா இருக்குது மேடம்? பேக்டரி தண்ணிதான் வந்து விழுது" என்றார் டிரைவர். ஏரிக்கரையில் பேக்டரிக் குழாயிலிருந்து பழுப்பு நுரை கொட்டிக்கொண்டிருந்தது. செத்த மீன் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இங்கே மீன் வாங்குகிறவர்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சினை இருந்தால் விலை கூட. மாசமாக இருக்கும் பெண்ணுக்குச் சினை வறுவல் கட்டாயம். அண்ணியும் ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் ரேகாவுக்கு அதைத்தான் ஊட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் நானே அந்த ஏரியின் ஜிலேபி கெண்டைகளை அறுத்தேன். சிலவற்றில் ஆணுக்குரிய வெள்ளை விந்துப் பைக்குள்ளேயே முட்டைகள். சில ரசாயனக் கழிவுகள் மீன் உடம்பில் பெண் ஹார்மோன் போல வேலை செய்யும், ஆண் மீனிலும் முட்டை உருவாகும், பரிசோதித்தால்தான் உறுதி என்று சொன்னேன்.

"அப்ப என் பொண்ணு துன்னது?"

"தெரியல அண்ணி. இனிமே வேணாம்."

அண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது.

ஞாயிறு காலை, கூட்டம் நெரியும் நேரம். அண்ணி பலகையை நடைபாதைக்கே இழுத்துப் போட்டு, மீன்களை வெட்டி விரித்தார். "பாருங்க, ஆம்பள மீனு. உள்ள முட்டை!"

பக்கத்துக் கடை அக்கா பாய்ந்து வந்தார். "இன்னாடி, எல்லார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போடற?"

"என் பொண்ணுக்கு இனிமே குடுக்காதத உன் பொண்ணுக்கு விக்கச் சொல்றியா?"

அந்த அக்கா வெட்டிப் பார்க்கத் தன் கூடையையும் பலகையருகே இறக்கினார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுரங்க மேடுகளைப் பாருங்கள், பஜாரில் சாப்பிடுங்கள். மீன் வாங்கினால் எந்த ஏரி என்று கேளுங்கள், அங்கேயே அறுக்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள்.

பரிசோதனைக்கு அனுப்ப நாங்கள் ஐஸில் வைத்திருந்த மீன்களை மொத்தமாக வாங்கிக்கொள்வதாகச் சொல்லித் திங்கட்கிழமை பேக்டரி ஆள் ஒருவர் வந்து நின்றார். அண்ணி கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது விக்கிறதுக்கு இல்ல. உங்க பேக்டரி கேட்டாண்ட வந்து வெட்டிக் காட்டறேன், போங்க."