பாட்டுக்கு முன்னால் ஓர் ஏலே

தொலைக்காட்சியில் நான் பாடியது மொத்தம் ஆறு வாரம். அங்கே பேசிய ஒரு வரிதான் இன்னும் செல்போன்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இப்போது வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்கள்கூட என்னை உற்றுப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளைதானே நீ என்று கேட்கிறார்கள். பலகையில் இருக்கும் எழுத்துத் தெரியாத கண்ணுக்கு நான் மட்டும் தெரிந்துவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு வந்து உட்கார்ந்து என்னைப் பாடச் சொல்லிக் கேட்பார். சென்னையில் சிறுவர் பாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் லீவு போட்டு ரயிலில் கூட்டிப்போனார். தேர்வானேன். அதன்பின் வாராவாரம் பயணம், ரயிலிலேயே வீட்டுப்பாடம். தொண்டை கட்டிவிடும் என்று ஜன்னலோரம் உட்கார விடமாட்டார். ஐஸ்கிரீம் கிடையாது, ஊறுகாய் கிடையாது. சாமியார்கூட என்னைவிட நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

முதல் வாரம் பாடி முடித்ததும், "செத்த நேரத்துல தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று நடுவரிடம் சொன்னேன். யார் செத்தது என்று அவர் கேட்க, அரங்கமே சிரித்தது. எங்கள் ஊரில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து நான் பேச வேண்டியதை நிகழ்ச்சிக்கு எழுதும் ஓர் அண்ணன் அட்டையில் எழுதிக் கொண்டுவந்தார். எங்கள் பக்கமே வந்திராதவர் அவர். மூன்று வரிக்கு ஒரு 'ஏலே' வைத்திருந்தார்.

ஏலே என்று எங்கள் ஊரில் கூட்டாளியைச் சொல்லலாம், தம்பியைச் சொல்லலாம். மூத்தவர்களைச் சொன்னால் பல்லு பேர்ந்துவிடும். தலை நரைத்த நடுவரைப் பார்த்து நான் சொல்ல வேண்டிய வரியோ, "ஏலே, மார்க்கு எம்புட்டு போடப்போற?" அப்பா அந்த அண்ணனிடம் போய், பெரியவரை அப்படிச் சொல்வது மரியாதை இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதுதான் சார் க்யூட் என்று அவர் சிரித்தார். சொல்லாவிட்டால் அடுத்த சுற்று கஷ்டம் என்றும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"சொல்லிரும்மா," என்றார் அப்பா. "பொறவு பாட்டப் பாடிறலாம்."

சொன்னேன். நடுவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பின் நான் பாடிய பாட்டைப் பாதியாக வெட்டித்தான் ஒளிபரப்பினார்கள். ஆறாம் வாரம் வெளியேற்றிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பினால் கோயில் பொங்கல், பள்ளி ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் முதலில் அந்த ஏலே வரியைச் சொல்லச் சொல்வார்கள். சொன்னதும் கைதட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க எழுந்துவிடுவார்கள். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. பன்னிரண்டு வயதில் ஒருத்திக்கு அவ்வளவு அலுப்பு வரக்கூடாது. எனக்கு வந்தது.

கடைசியாகப் போனது மம்சாபுரத்தில் ஒரு கல்யாணம். அன்றைக்குப் பாடியே தீர்வது என்றிருந்தேன். மாதக்கணக்கில் பழகிய புதுப் பாட்டு, அதுவரை கேட்டது அப்பா மட்டும்தான். மேடையேறியதும் மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் மைக்கைக் கொடுத்து, முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் தாத்தாவைக் காட்டினார். அவரைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டுமாம். எண்பது வயதிருக்கும் அவருக்கு. நான் அப்பாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு தடவை தலையசைத்திருந்தால் போதும், இறங்கியிருப்பேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன். மண்டபமே சிரித்தது. சித்தப்பா மைக்கை வாங்கிப் பந்திக்கு ஆள் கூப்பிடத் தொடங்கினார். நான் இறங்கிப் போய்ப் பெரியவரின் காலைத் தொட்டேன். அவர் கோபப்படவில்லை. எதற்காகச் சிரிக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"பாட்டுப் பாடுற பிள்ளை வருதுன்னு சொன்னாக. எப்ப தாயி பாடுவ?"

நான் பதில் சொல்வதற்குள், இலை போட்டாயிற்று என்று யாரோ அவரை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். வெளியே வந்ததும், "இனிமே நான் வரலப்பா" என்றேன். சரி என்று அப்பா அப்போதுதான் தலையசைத்தார்.