சுனாமி வீட்டுப் பட்டியலைப் பார்க்கப் புதுச்சேரிக்கு

புதுச்சேரி என்றதும் கடற்கரைச் சாலை, நோணாங்குப்பம் படகு, மலிவான பாட்டில் என்று கிளம்புகிறவர்கள் இந்தப் பதிவை இப்போதே மூடிவிடலாம். நான் போனது ஓர் அரசுக் கோப்பைப் பார்க்க. 2008, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு ஒரு நாள் சம்பளம் வெட்டு.

அடையாற்றில் நான் தங்கியிருக்கும் மகளிர் விடுதியில் சமைப்பவர் தனம் அக்கா. புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம் அவருக்கு ஊர், பெயர் வேண்டாம். சுனாமிக்கு ஆறு மாதம் முன்பு கணவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சுனாமியில் வீடு போனது. வீடு இழந்த மற்றவர்களுக்கெல்லாம் புது வீடு வந்தது, இவருக்கு வரவில்லை. பன்னிரண்டு வயது மகளைக் கொழுந்தன் ராஜவேலு வீட்டில் விட்டுவிட்டு எங்களுக்கு இட்லி அவித்துக் கொண்டிருக்கிறார். மகளோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும், அவர் கேட்பது அவ்வளவுதான்.

தன் பெயர் ஏன் விட்டுப்போனது என்று அறிய, தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று முறை மனுப் போட்டிருக்கிறார். மூன்றையும் எழுதிக் கொடுத்தது ராஜவேலு. மூன்றும் ‘எங்கள் எல்லை அல்ல’ என்று திரும்பி வந்தன. வாங்கிப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. மூன்றுமே விழுப்புரத்துக்கு, அதாவது தமிழ்நாட்டு அரசுக்குப் போயிருந்தன. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் புதுச்சேரி, அப்புறம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. ஒரு தெரு ஒரு அரசு, அடுத்த தெரு வேறு அரசு. குழம்பிவிட்டார் மனுஷன் என்று நினைத்தேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, புதுச்சேரியில் உரிய அலுவலகத்துக்கு நானே ஒரு மனு எழுதினேன். இருபத்தேழாம் நாள் பதில் வந்தது: நேரில் வந்து கோப்பைப் பார்வையிடலாம்.

காலை 5.40-க்குத் திருவான்மியூரில் பஸ். தலைக்கு ஐம்பத்தைந்து ரூபாய், ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். மரக்காணத்தில் பத்து நிமிடம் நின்றது. அங்கே காபி குடிக்காதீர்கள். 9.15-க்குப் புதுச்சேரி பஸ் நிலையம். அக்காவும் கூட வந்தார். மடியில் மஞ்சள் பை, அதற்குள் ரேஷன் கார்டு, கணவரின் இறப்புச் சான்றிதழ், மகளுக்கு ஒரு பாவாடைத் துணி.

ராஜவேலு பைக்கோடு வந்து காத்திருந்தார். நாற்பது வயது, வெள்ளை வேட்டி, பணிவான ஆள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார், என்னைக் காசு எடுக்க விடவில்லை. சொந்த ஊர் எந்த அரசாங்கத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதா என்று கிண்டல் செய்தேன். தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது. அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பஸ் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். ஐம்பது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பிரெஞ்சுக்காரன் கட்டிய உயரமான கட்டடம், உள்ளே மின்விசிறி மட்டும் நம் காலத்தது. வயதான பியூன் “மதாம், ஒக்காருங்க” என்று நாற்காலி போட்டார். அதிகாரி 11.10-க்கு வந்தார். குறை சொல்ல முடியாது, மரியாதையாகவே கோப்பை எடுத்து வைத்தார். முதல் ஒரு மணி நேரம் பார்க்கக் கட்டணம் கிடையாது. ராஜவேலு உள்ளே வரவில்லை. பைக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

பயனாளிகளைத் தேர்ந்தெடுக்க அரசு வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கும் என்று நம்பினேன். எடுக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்து எழுதிக் கொடுத்த பட்டியலை அப்படியே தட்டச்சு செய்து முத்திரை குத்தியிருந்தார்கள். அந்தக் குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஊருக்கு வரி கட்டுவான், கட்டினால்தான் அவன் குடும்பம் கணக்கு. புருஷன் செத்தால் வரியும் நின்றது, குடும்பமும் நின்றது. சுனாமிக்குப் பிறகு ஊர் கொடுத்தது அந்த வரிப் பட்டியலைத்தான்.

கையால் எழுதிய மூலப்பட்டியல் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. கடைசியில் ‘கிராமத்தார்’, அதாவது ஊர்ப் பஞ்சாயத்தை நடத்துகிறவர்கள், ஐந்து பேர் கையெழுத்து. அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரல் மூன்றாவது கையெழுத்தில் நின்றது. “இது நம்ம ராஜவேலு” என்றார். பட்டியலின் எழுத்தும் அதே கைதான். திரும்பி வந்த மூன்று மனுக்களும் என் பையில் இருந்தன. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் நான்கு பக்கம் நகல் வாங்கினேன்.

வாசலில் அக்கா அந்தத் தாளை அவரிடம் நீட்டினார். அவர் படிக்கவில்லை, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“வரி கட்டாத வூட்டுப் பேர எழுதுனா ஊரு வுடுமா அண்ணி? நாளைக்கி நான் பஞ்சாயத்துல எப்பிடி ஒக்கார்றது?”

“அப்ப எதுக்குடா மூணு தடவ மனு எழுதுன?”

“நீங்க அழுதுக்கினே இருந்தீங்க. ஒரு மனு போட்டா மனசு ஆறுமேன்னுதான்.”

எல்லை தெரியாமல் குழம்பியதெல்லாம் இல்லை. தகவல் கிடைக்கவே வழியில்லாத இடமாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன்; பியூன் எட்டிப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். இதற்கு மேல் எந்த மனு போடலாம் என்று கேட்டார். அதிகாரியிடம் போய்க் கேட்டேன். கேட்ட தகவல் முழுதாகக் கொடுத்தாயிற்று, மேல்முறையீட்டுக்கு ஒன்றுமில்லை. வீடு வேண்டுமென்றால் அது தனி மனு, ஊர்ப் பரிந்துரையோடு வரவேண்டும் என்றார். ஊர்ப் பரிந்துரை! நாசமாய்ப் போக.

நான் 2.30 பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பினேன். அக்கா இரண்டு நாள் விடுப்பு சொல்லியிருந்தார். ராஜவேலு பைக்கை உதைத்துவிட்டு “ஏறுங்க அண்ணி” என்றார். ஏறினார்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: நகல் மட்டும் கேட்காதீர்கள், கோப்பைப் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள். பட்டியல் கேட்டால் அதை யார் தயாரித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அடையாள அட்டை மறக்காதீர்கள். உதவிக்கு ஓடி வரும் சொந்தக்காரரை எழுத விடாதீர்கள். மனுவைத் தபாலில் போடுவதும் உங்கள் கையாலேயே நடக்கட்டும். முக்கியமாக, உண்மை தெரிந்த அன்று ராத்திரி எங்கே தங்குவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். தனம் அக்காவுக்கு ராஜவேலு வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை.