ரங்கநாயகி வளர்த்த பாசி

பெருந்துறையில தண்ணி சோதிக்கிற லேப்ல பதினாலு வருசமா இருக்கற ரங்கநாயகிக்குப் பாசின்னா உசுரு. ஊரே தொட்டியைத் தேய்ச்சுப் பாசியை விரட்டும். இவ குடுவை குடுவையா ஊத்தி, வேளாவேளைக்கு வெளிச்சம் காட்டி வளர்ப்பா. முதலாளி சென்னகேசவனுக்கு அதைக் கண்டாலே எரிச்சல். சாக்கடையில சும்மா கிடைக்கறதுக்கு ஏசி ரூமான்னு நக்கலடிப்பார்.

விசயம் லேசுதான். சோதிக்கற தண்ணியில பாசியை ஒரு நாள் ஊறவிட்டு, கொஞ்ச நேரம் இருட்டுல வெச்சு, மெஷினுக்குள்ள பளிச்சுன்னு வெளிச்சம் அடிக்கணும். பாசி பதிலுக்கு மங்கலாச் செவப்பு வெளிச்சம் விடும். அதை அளந்து மெஷின் ஒரு எண் சொல்லும். தெம்பான பாசின்னா எழுபது. விஷம் ஏறுச்சுன்னா எறங்கிரும்.

அன்னிக்கு அளக்க இருந்தது, முந்தின நாளே கந்தப்பன் குடுத்துட்டுப் போன கெணத்துத் தண்ணி. ரெண்டு போகம் தக்காளி கருகிப்போச்சு. உப்பு, சாயம், ஈயம்னு வேற எடத்துல தனித்தனியாப் பார்த்ததெல்லாம் அளவுக்குள்ளதான்னு வந்துருச்சு. அப்பறம் என்ன, மனுசனுக்கு வெள்ளாமையே மறந்துபோச்சுன்னு பங்காளிங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. முப்பது வருசம் மண்ணுல நின்னவரு, தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு லேப் பெஞ்சில உக்காந்திருந்தார்.

கெணத்துத் தண்ணிப் பாசி இருபதுன்னு காட்டுச்சு. சொல்ல வாயெடுத்தவ, ஒப்பிட்டுப் பார்க்க வெச்சிருந்த நல்ல தண்ணிப் பாசியையும் அளந்தா. அது இருபத்திரெண்டு. போச்சுடா! எட்டிப் பார்த்த முதலாளி, இந்தக் கூத்தை இன்னிக்கே கொட்டிக் கழுவிருன்னுட்டார்.

அவளுக்கு அழுகையே வந்துருச்சு. குனிஞ்சு மெஷினுக்குள்ள பார்த்தவ அப்படியே நின்னுட்டா. முந்தாநாள் ஆயுத பூசை. லேப்ல இருந்த சாமானுக்கெல்லாம் பொட்டு வெச்சது முதலாளிதான். இதுக்கு நெத்தி எதுன்னு தெரியாம, வெளிச்சம் வர்ற கண்ணாடி மேலயே சந்தனத்தை அப்பிவிட்டிருக்கார் மகராசன்.

கூப்பிட்டுக் காட்டினதும், தொடைச்சுக்கம்மான்னு முணுமுணுத்துட்டு அவரு ரூமுக்குள்ள போயிட்டார்.

தொடைச்சு, மறுபடி இருட்டுல வெச்சு அளந்தா. நல்ல தண்ணி எழுபத்தொண்ணு. கெணத்துத் தண்ணி முப்பது. இன்னொருக்காப் பார்த்தா, அதேதான்.

"அண்ணா, உங்க தண்ணியில விஷம் இருக்குதுங்க. தனித்தனியா அளவுக்குள்ள இருந்தாலும், எல்லாம் சேர்ந்து பச்சையைக் கெடுக்குதாட்ட இருக்குதுங்க."

நல்ல சேதியா அது? ஆனா கந்தப்பன் துண்டால மொகத்தை மூடிக்கிட்டார். தோளு குலுங்குச்சு.

"அப்பத் தப்பு எம்மேல இல்லீங்களா அம்மணி?"

"இல்லீங்கண்ணா."

"எழுதிக் குடுங்க,"ன்னார். "கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க."