கூடைக் கயிறும் சவரிமுத்து சேரும்

சவரிமுத்து சேர் போய்விட்டாராம்.

காலையில் ரிஸ்வானா டீச்சர் போனில் கோல் எடுத்து, "நிர்மலா, நம்மட மெத்ஸ் சேர் மவுத்தாகிட்டார்... நெஞ்சு வலியாம்" என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எதையும் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்?

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் ஸ்கூலில் ஒன்பது வருஷம் அவரோடு ஒரே ஸ்டாஃப் ரூம். பக்கத்துக் கதிரை. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்...

கென்டீன் போர்டைத் திருத்துவார். பிரின்சிபலின் சர்க்குலரைத் திருத்துவார். பஸ்ஸில் கொண்டக்டர் சொல்கிற நேரத்தைக்கூட விடமாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனை, கையில் ஒரு குடை.

என் கல்யாணக் கார்டையே திருத்தித் தந்த மனுஷன். ஆசையாகக் கொண்டுபோய் நீட்டினால் ஒரு வாழ்த்து இல்லை. "டீச்சர், இந்தத் தேதி வெள்ளிக்கிழமை இல்ல, வியாழன்."

சரியாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல். அப்பாவும் தம்பியும் உட்கார்ந்து அத்தனை கார்டிலும் பேனையால் வெட்டி எழுதினார்கள்.

மற்ற டீச்சர்மார் அந்தக் கார்டில் கல்யாண ஹோல் எங்கே என்று மட்டும் பார்த்தார்கள். இவர் கீழே சின்ன எழுத்தில் இருந்த பன்வில தேயிலைத் தோட்டத்து அட்ரஸையும் படித்திருக்கிறார். நான் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தது, சொந்த ஊர் கண்டி டவுன் என்று.

போன வருஷம் சித்திரை லீவுக்கு முந்தின கிழமை, ஸ்டாஃப் எல்லாரும் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனோம். மரமெல்லாம் பூத்துக் கிடந்த நேரம். புல்வெளியில் ஒரு சிற்பக் கண்காட்சி வைத்திருந்தார்கள். நாங்கள் செல்ஃபி எடுக்கப் போனோம். சேர் திருத்தப் போனார்.

யானைச் சிலைக்கு நகம் எண்ணினார். மயிலுக்குக் கழுத்து நீளம் என்றார். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டோம்.

கடைசியில் ஒரு சிலை. இரும்புக் கம்பியால் செய்த, தேயிலைக் கொழுந்து எடுக்கிற பொம்பிளை. ஆளுயரம். முதுகில் கம்பிக் கூடை. செய்தது கெம்பஸ் பிள்ளை மாதிரி ஒரு சிங்களத் தங்கச்சி, பக்கத்திலேயே நின்றாள்.

சேர் குடையை நீட்டினார். "கயிறு பிழை."

கூடைக் கயிறு இரண்டு தோளிலும் ஸ்கூல் பேக் மாதிரி மாட்டியிருந்தது. "தலையில தாங்கணும் நங்கி. தோள்ல மாட்டினா கையைத் தூக்கிப் பின்னால கொழுந்து போட வராது" என்று தங்கச்சிக்குச் சிங்களத்தில் விளக்கம்.

அவள் பொறுமையாக, "இப்ப சாக்கைத் தோள்ல மாட்டிக்கொண்டும் எடுக்கிறாங்களே சேர்" என்றாள்.

"அப்ப சாக்கு செய்யணும். நீ கூடைதானே செஞ்சிருக்கிற?"

அரை மணி நேரம்... பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அப்போதுதான் அவர் திரும்பி, அந்தப் புல்வெளிக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"நிர்மலா டீச்சர்! இங்க வாங்க! உங்க அம்மா பன்வில தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்கதானே? நீங்களே சொல்லுங்க!"

மொத்த ஸ்டாஃபும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் கையில் ஐஸ்கிரீம் உருகி வழிகிறது.

"எனக்குத் தெரியாது சேர்" என்றேன்.

"தெரியாதா?"

"தெரியாது."

 சேர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் பார்த்து அவர் திருத்தாமல் விட்ட ஒரே பிழையான விடை அதுதான்.

அதற்குப் பிறகு நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. கோபம் அவர் மேலா என் மேலா என்று இன்றுவரை தெரியாது. வருஷக் கடைசியில் ரிட்டயர் ஆகிப் போனார். ஃபேர்வெல் அன்றைக்கு லீவு போட்டேன்.

போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். அதே இடம், அதே சிலை, இந்த வருஷமும் வைத்திருக்கிறார்கள். கயிறு இப்போது தலையில். பக்கத்தில் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சேர், குடையோடு.

"நங்கி சரி பண்ணிருச்சு. போய்ப் பாருங்க டீச்சர்."

பார்த்தேன். நீல டிக் விழுந்தது. பதில் போடவில்லை. என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்... அவ்வளவுதான். ஒரு கிழமை பொறுக்க முடியவில்லையா சேர் உங்களுக்கு?

பிலிமத்தலாவையில்தான் அவர் வீடு. இன்று சாவு வீட்டுக்குப் போகிற வழியில் பேராதனையில் இறங்கிவிட்டேன். வெள்ளைச் சாரியோடு டிக்கட் எடுத்து உள்ளே போனேன்.

கயிறு தலையில்தான் இருக்கிறது. ஆனால் வெறும் தலையில்!

கயிற்றுக்குக் கீழே துணி மடித்து வைக்காமல் எந்தப் பொம்பிளை கூடை சுமப்பாள்? துணி வைத்தும் எங்கள் அம்மாவுக்கு உச்சியில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. என் கல்யாணத்தன்று அது தெரியக்கூடாது என்று முடியை இழுத்து மறைத்துச் சீவிவிட்டது நான்தான். அம்மா குனிந்து தலையைக் காட்டினார்.

ஊரில் உள்ள பிழையெல்லாம் கண்ணில் படுகிற மனுஷன், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார், இதைப் பார்க்கவில்லை.

அந்தத் தங்கச்சி அங்கேதான் இருந்தாள். சுற்றிலும் லீவுக் கூட்டம். கிட்டப் போய்ச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. "எங்க அம்மா பன்வில தோட்டத்துல முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. கயிற்றுக்குக் கீழ துணி வரணும் நங்கி."

அவள் போனில் குறித்துக்கொண்டாள். அந்தக் குடைக்கார சேரை இந்தப் பக்கம் காணவில்லையே என்று கேட்டாள். சொன்னேன்.

போய் வாங்க சேர். துணியை விட்டுட்டீங்க. நான் சொல்லிட்டேன்.