பாதி வழி வரை நடந்தேன்

முதல் அறிகுறியை நான் நோயென்று கருதவில்லை. தபாற்கந்தோருக்குச் செல்லும் ஏற்றத்தில் நெஞ்சு இறுகியது. கோட்டின் மேற்பொத்தானே காரணமென்று எண்ணி அதைக் கழற்றினேன். இறுக்கம் அகலவில்லை, இடது தோளுக்குப் பரவியது. நின்றேன். சற்று நேரத்தில் போய்விட்டது. பொத்தானைப் பூட்டிக்கொண்டு நடந்தேன்.

கொட்டகலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கண்டியில் கல்லூரிப் படிப்பு முடித்தவன். லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர் என்னைக் கண்டால் பாதையோரம் ஒதுங்கி வழிவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட ஒருவன் நடுப்பாதையில் மூச்சிரைத்து நிற்பது முறையன்று என்பதே என் எண்ணமாக இருந்தது.

நுவரெலியாவில் வைத்தியர் ஈ.சீ.ஜீ. (இதயத்தின் மின்னசைவைத் தாளில் வரையும் சோதனை) எடுத்துப் பார்த்து, அஞ்சைனா (இதயத் தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல் எழும் இறுக்கம்) என்றார். படுத்துக் கிடக்கத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நடக்கச் சொன்னார்.

“பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். இறுகினால் நின்றுவிடுங்கள். மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். உட்கார்ந்துகொண்டு வையுங்கள்; நின்றால் தலை சுற்றும்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் பிற்பகுதி அது. நாடு நாடாகப் பரவிய இன்ஃபுளுவென்சா (மூச்சு வழியே தொற்றும் கடுங்காய்ச்சல்) மலைநாட்டு லயங்களுக்கும் வந்திருந்தது. அதைப் பற்றியும் வைத்தியர் எச்சரித்தார். உங்கள் இதயம் அந்தக் காய்ச்சலின் சுமையைத் தாங்காது; பஸ், படக்கொட்டகை, அடைத்த அறை எதுவும் வேண்டாம்; வெட்டவெளியில் மட்டும் நடங்கள் என்றார்.

நோயைப் பற்றி மனைவி செல்லம்மாவைத் தவிர எவருக்கும் நான் சொல்லவில்லை. வருத்தக்காரர், அதாவது நோயாளி, என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மனிதரின் மற்றப் பெயர்கள் உதிர்ந்துவிடும்.

முதல் நாள் தொழிற்சாலைப் பக்கம் இறங்கி நடந்தேன். எளிதாக இருந்ததால் வெகுதூரம் போய்விட்டேன். திரும்பும்போதுதான் அது முழுவதும் ஏற்றம் என்பது உடம்புக்கு உறைத்தது. மலைநாட்டில் வாழும் இதய நோயாளர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: வீட்டிலிருந்து புறப்படும்போதே ஏற்றத்தில் போய்விட வேண்டும். களைத்த உடம்பு வீடு திரும்ப இறக்கம் மிச்சமிருக்க வேண்டும். லயத்தார் ஏறும் குறுக்குப்படி ஆகாது. வளைந்து வளைந்து போகும் வண்டிப் பாதையான கார்ட் ரோட்டே ஏற்றது.

மறுநாள் கார்ட் ரோட்டில் ஏறும்போது முடக்கு ஒன்றில், பாதை வளையும் இடத்தில், நெஞ்சு பிடித்துக்கொண்டது. மேல்மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பாதையோரம் உட்கார எனக்கு மனம் வரவில்லை. தேயிலைச் செடியொன்றைக் குனிந்து ஆராய்வதுபோல் நின்றபடியே மாத்திரையை வாயிலிட்டேன். கண் இருண்டது. நிழல்மரத்தைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை.

“ஐயா பென்சன் வாங்கியும் கொழுந்த விடமாட்டேங்கிறாரு,” என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரித்தார்கள். அந்தக் கேலி எனக்கு உதவியாகவே இருந்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் அதே முடக்கில் நின்று கொழுந்தை ஆராய்ந்தேன்.

இவ்வாறிருக்கையில் ராமசாமிக் கங்காணி காய்ச்சலில் இறந்தார். என் உத்தியோக காலம் முழுவதும் காலைப் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் ஆட்களை நிறுத்திப் பெயர் சொன்னவர். காலையிலேயே சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டது. தோட்டத்து உத்தியோகத்தர் சாவு வீட்டுக்குப் போனால் உள்ளே சென்று தலைமாட்டில் நிற்க வேண்டும். வாசலோடு திரும்புவது இறந்தவரைக் குறைத்து மதிப்பதாகும்.

“போகாம இருக்க முடியாதுங்க,” என்றாள் செல்லம்மா. “உள்ள போனாலும் ஒங்களுக்கு ஆவாது. என்ன செய்யப் போறீங்க?”

“போகிறேன். உள்ளே போகமாட்டேன்.”

“காரணம் கேப்பாங்களே.”

தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

லயத்து அறை நிறைய ஆட்கள். உள்ளே இருமல் ஓயவில்லை. வாசலுக்கு எட்டவே நின்று தொப்பியைக் கழற்றினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. நான் அசையவில்லை. கங்காணியின் தங்கை முத்தாயி வெளியே வந்தார். மேல்மலையிலிருந்து கேட்ட குரல் அவருடையதுதான்.

“ஏன் ஐயா அங்கனயே நிக்கிறீங்க? எங்க வீட்டுக் காத்து தொத்திக்கும்னா?”

“தொற்றும். தொற்றினால் நான் பிழைக்கமாட்டேன். எனக்கு நெஞ்சில் வருத்தம்.”

தப்படித்தவர்கூடக் கையை நிறுத்தினார். முத்தாயி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அதுக்குத்தான் அந்த முடக்குல நின்னீங்களாக்கும். நாங்க, ஐயா இன்னமும் கொழுந்துக்குக் கணக்கெழுதுறாருன்னுல நெனச்சோம்.”

யாரோ சிரித்து, சாவு வீடு என்ற நினைவு வந்து அடக்கிக்கொண்டார்கள். முத்தாயி நாற்காலியொன்றை எடுத்துவந்து, தண்ணீர் விழும் பீலிக்கரையில், ஆளில்லாத இடத்தில் போட்டார். “ஒக்காருங்க. ஒங்க மரியாதை அங்கேருந்தே எங்கண்ணனுக்கு வந்துரும்.” அத்தனை பேர் நிற்க நான் உட்கார்ந்தேன்.

பாடை புறப்பட்டதும் எல்லோருக்கும் பின்னால், காற்று ஓடும் இடைவெளி விட்டு நடந்தேன். புதைகாடு மலையுச்சியில். பாதி வழியில் பாடையை இறக்கி வைத்துத் திசை மாற்றுவார்கள். பெண்கள் அந்த இடத்தோடு திரும்புவார்கள். ஆண்கள் தொடர்ந்து மேலே போவார்கள். நான் அங்கு சேர்ந்தபோது நெஞ்சு இறுகத் தொடங்கியிருந்தது. அதற்கு மேல் பாதை செங்குத்து.

புல்லில் உட்கார்ந்து மாத்திரையை வைத்துக்கொண்டேன். ஆண்கள் மேலே ஏறிப்போனார்கள். இறுக்கம் தளர்ந்ததும் எழுந்து, பெண்களுக்குச் சற்றுப் பின்னால் கீழே இறங்கினேன்.

“பொம்பளைங்களோட திரும்புன மொத கிளாக்கரு நீங்கதான் ஐயா,” என்றார் முத்தாயி, திரும்பிப் பாராமலே. அழுது குரல் கம்மியிருந்தது.

“இருக்கட்டும்,” என்றேன். நடந்துகொண்டே அதைச் சொல்ல எனக்கு மூச்சு இருந்தது.

காய்ச்சல் ஓய்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இறுக்கம் என்னை விட்டுப் போகவில்லை. நானும் நடையை விடவில்லை. அந்த முடக்கில் யாரோ ஒரு தட்டைக் கல்லை உருட்டிப் போட்டிருக்கிறார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை. கொழுந்தை ஆராய்வதாக இப்போது பாவனை செய்வதுமில்லை. உட்காருகிறேன். மேலிருந்து யாராவது குரல் கொடுத்தால் கையை உயர்த்துகிறேன்.

முன்பெல்லாம் இறுகினால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்; நெஞ்சு எப்போது தளரும் என்பது அதற்குத் தெரியாது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன். கோட்டின் மேற்பொத்தானையும் பூட்டுவதில்லை.